பதினைந்து இலக்கமும் வேம்பு மாமாவும்

வேம்பு மாமாவைத் திருடர்களுக்கு எமன் என்று யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவி என்று யாராவது திட்டினாலும் பற்றிக்கொண்டுதான் வரும். எங்கள் தெருவில் இரண்டு பேச்சும் ஓடுகிறது. இரண்டையும் பேசுகிறவர்கள் அன்றைக்குத் தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்தவர்கள். நான் பக்கத்தில் நின்றவள். என் பெயர் ரத்னா. தி.நகர் ரங்கநாதன் தெருவிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு மொபைல் காம்ப்ளெக்ஸ் வரும். அதன் தரைத்தளத்தில் செல்போன் கவரும் டெம்பர் கிளாஸும் விற்கிறேன். என் கடைக்கும் மாமாவின் சர்வீஸ் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான். அவர் தும்மினால் என் பக்கம் ஆணியில் தொங்கும் கவர் கீழே விழும்.

இதில் வருகிற ஒரு பெண்ணின் பெயரையும், அவள் சொந்தக்காரர்கள் பெயரையும், ஊரையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

மாமா பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர். இப்போது மந்தைவெளியில் வாடகை வீடு. பி.எஸ்ஸி. கணக்கு படித்தவர். படித்து முடித்து ஒரு பேஜர் கம்பெனியில் சேர்ந்தார், பேஜர் ஒழிந்தது. எஸ்.டி.டி. பூத் எடுத்தார், அதுவும் ஒழிந்தது. "நான் தொட்டதெல்லாம் ஒழியறது ரத்னா. செல்போனைத் தொட்டிருக்கேன், பார்ப்போம்" என்பார். நல்ல தமாஷ்காரர்தான். ஆனால் கோபம் வந்தால் அந்த ஒல்லி உடம்புக்குள் எங்கிருந்து அவ்வளவு சத்தம் வருகிறது என்று தெரியாது. எனக்கும் அவருக்கும் நாளுக்கு ஒரு சண்டை உண்டு. ஃபேன் காற்று யார் பக்கம் வருகிறது என்பதில் ஆரம்பித்து உலகத்தில் எதை வேண்டுமானாலும் பேசிச் சண்டை போடுவோம்.

அவருக்கு உயிர் நம்பரில்தான். பணத்தில் இல்லை, நம்பரில். ஒவ்வொரு செல்போனுக்கும் பிறக்கும்போதே ஒரு நம்பர் உண்டு. நாம் கூப்பிடுகிற நம்பர் இல்லை. அது சிம்மோடு போய்விடும். இது போனோடு ஒட்டிப் பிறந்த பதினைந்து இலக்க நம்பர். போன் வந்த அட்டைப் பெட்டியிலும் இருக்கும், சில போன்களில் சிம் வைக்கிற சின்னத் தட்டிலும் எறும்புக்கால் எழுத்தில் அடித்திருக்கும். ஒரு போனுக்கு உள்ள நம்பர் உலகத்தில் இன்னொரு போனுக்குக் கிடையாது.

அந்தப் பதினைந்தும் வாய்க்கு வந்தபடி போட்டதில்லை. முதல் பதினான்கை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பதினைந்தாவதைப் போடுகிறார்கள். மாமா என் காது புளிக்கச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்ததில் இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்க வேண்டும். ஆறு பன்னிரண்டாகும், பன்னிரண்டு மூன்றாகும். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டினால் விடை பூஜ்யத்தில் முடிய வேண்டும். ஐம்பது, அறுபது, எழுபது, எதுவானாலும் சரி. முடிந்தால் நல்ல நம்பர். முடியாவிட்டால் கள்ள நம்பர், அல்லது எவனோ தப்பாகச் சொல்லியிருக்கிறான்.

"ஒரே ஒரு இலக்கம் மாறட்டும், காட்டிக் குடுத்துடும். பக்கத்து ரெண்டு இலக்கம் இடம் மாறட்டும், அதையும் காட்டிக் குடுத்துடும். அந்தப் பதினஞ்சுக்கு நடுவுல பகவான் உக்காந்துண்டிருக்கார் ரத்னா" என்பார். "பகவானுக்கு வேற வேலை இல்லியா மாமா?" என்பேன். அதற்கு ஒரு சண்டை.

திருட்டுப் போன் வாங்கி விற்கிறவர்கள் லேப்டாப்பில் மாட்டி அந்த நம்பரை அழித்து வேறு நம்பர் ஏற்றுவார்கள். பாதிப் பேர் கண்டபடி பதினைந்து இலக்கம் அடித்துவிடுவார்கள். மாமாவிடம் வந்தால் தீர்ந்தது. நம்பரைப் பார்த்து, உதடு அசையாமல் கணக்குப் போட்டு, தெருவே கேட்கிற மாதிரி "கள்ளம்" என்பார். இதனால் அவர் வாங்காத அடியில்லை. ஒருவன் கையை முறுக்கினான். ஒருவன் பல்லில் குத்தினான். ஒருவன் கணக்குப் பாதியில் இருக்கும்போதே பிளேடால் காதைக் கிழித்துவிட்டான். சட்டையெல்லாம் ரத்தம். மாமா காதைப் பொத்திக்கொண்டு மீதிக் கணக்கைப் போட்டு முடித்து, "நாப்பத்தி மூணு. கள்ளம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தக் காது இன்றைக்கும் இரண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் அவர் சொன்னது தெருவில் சட்டமாகிவிட்டது. நடைபாதைக் கடைக்காரர்களுக்கெல்லாம் தலை முருகையன். நல்ல தேக்குக்கட்டை உடம்பு. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கும். கூட்டத்தில் போன் பிக்பாக்கெட் அடித்தான் என்று எவனைப் பிடித்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் சேர்த்துக் கட்டுவார்கள். போனை மாமாவிடம் கொண்டுவருவார்கள். "மாமா, கணக்குப் போடுங்க." மாமா நல்ல நம்பர் என்று சொல்லி, பெட்டி நம்பரும் ஒத்துப்போனால் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். இரண்டு பேர் அப்படி உயிர் தப்பியிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். கள்ளம் என்று சொன்னால் அப்புறம் அங்கே பார்க்க முடியாது. ஒருமுறை கரும்புச்சாறு வண்டிக்காரன் சக்கைக்கூடையைக் கொட்டும்போது உள்ளே இரண்டு பல் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு போய் மாமாவின் மேஜையில் வைத்தேன்.

"இது இன்னா தெரியுதா மாமா? நீங்க போட்ட கணக்கோட விடை."

"நான் கணக்குதான் போடறேன். அடிக்கறது அவா. என்கிட்ட ஏன் கொண்டுவரே?"

"உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தா அங்க ஒருத்தன் வாயில இருந்து பல்லு வருது. போலீஸைக் கூப்புடச் சொல்லலாம்ல?"

"எள்ளு எண்ணெய்க்குக் காயறது. எலிப்புழுக்கை எதுக்குக் காயறது? நீ போய்க் கவரை வித்துண்டிரு."

எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்றால், அந்தப் பல்லை அவர் டீ கிளாஸில் போடலாமா என்று நினைத்தேன். போடவில்லை. மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் அதைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டார். முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் இன்னொருவனைக் கம்பத்தில் கட்டினார்கள், மறுபடியும் கணக்குப் போட்டார்.

அந்தத் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. ரங்கநாதன் தெருவில் கீழே எள் விழாது. முருகையன் அந்த வாரம் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தார். அவர் பெண் ஸ்கூட்டரில் போகும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் போனைப் பறித்ததில் அவள் விழுந்து தாடையில் தையல். நீல நிறப் போன். மூலையில் ஒரு கீறல். அந்தப் போனின் பெட்டியை வீட்டில் எப்போதோ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்கள், அதனால் நம்பர் தெரியாது. நீலப் போன் வைத்திருந்த ஒவ்வொருவன் கையையும் முறைத்துக்கொண்டே நின்றார்.

மத்தியானம் ஃபிரெட்ரிக் வந்தான். பாலவாக்கத்தில் ஏ.சி. மெக்கானிக். மகளுக்கு ஃபிராக் வாங்க வந்தவன். பிளாட்பாரத்தில் நின்று ஃபிராக்கைப் படம் எடுத்து பெண்டாட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். நீலப் போன். மூலையில் கீறல். முருகையன் பின்னால் வந்து பிடரியில் ஒன்று வைத்தார். போன் தெறித்து விழுந்தது. தூக்குவதற்குள் நாலு கால் அதன்மேல் ஏறிவிட்டது. திரை நொறுங்கி, போன் செத்துப்போனது.

என் கடை வாசலுக்கு அவனை இழுத்து வரும்போதே மூக்கு உடைந்திருந்தது. ஃபிராக் பையை மட்டும் விடாமல் மார்போடு பிடித்திருந்தான்.

"அண்ணா, நான் ஏ.சி. மெக்கானிக்ணா. அது என் போன்ணா. சிம்மை வேற போன்ல போட்டுப் பாருங்க, என் பேருதான் வரும்."

"திருடன் மொதல்ல பண்றதே சிம்மை மாத்துறதுதான்டா" என்று முருகையன் வயிற்றில் முட்டியால் இடித்தார். "எம் பொண்ணு தாடையில எத்தினி தையல் தெரியுமாடா உனுக்கு?"

"பெட்டி வூட்ல கீதுண்ணா. என் ஒய்ஃபைக் கேளுங்க. நம்பரைப் படிப்பா."

அதைக் கேட்டதும் மாமா கடையை விட்டு எழுந்தார். இதுதான் அவர் ஆட்டம். "கையை எடு முருகையா. நம்பர் ஒத்துப்போனா இவனை விட்டுடணும். ஒத்துப்போகலைன்னா உன் இஷ்டம்" என்றார். முருகையன் தலையாட்டினார். சுற்றி நின்ற கூட்டமும் ஆட்டியது. அந்த ஒரு நம்பரில் ஃபிரெட்ரிக்கின் உயிர் தொங்குகிறது என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மாமா தன் போனில் அவன் சொன்ன நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கூட்டத்தின் இரைச்சலில் அந்தக் குரல் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் அவருக்கும்தான் சரியாகக் கேட்டது.

"ஹலோ, யாருங்க?"

"அம்மா, நான் தி.நகர்லேர்ந்து பேசறேன். உங்க ஆத்துக்காரர் போனோட பெட்டி ஆத்துல இருக்கா?"

ஃபிரெட்ரிக் கத்தினான். "ரெனி, பீரோ மேல கீது பாரு. நீலப் பெட்டி. அதுல கீற நம்பரைப் படி." பாதியில் யாரோ அவன் வாயிலேயே அறைந்தார்கள். அறைந்த சத்தம் போனில் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அவரை யாரு அடிக்கிறாங்க? ஐயோ மாதாவே, அவரை எதுக்கு அடிக்கிறீங்க?"

"பெட்டியை எடும்மா. நீ படிச்சா அடிக்க மாட்டா" என்றார் மாமா.

நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. குழந்தை ஒன்று அழுதது. அப்புறம் ரெனிட்டா படித்தாள், மூச்சு வாங்கிக்கொண்டே, மூன்று மூன்றாக. எய்ட் சிக்ஸ் செவன். த்ரீ ஒன் ஃபோர். ஸீரோ ஃபைவ் டூ. நைன் ஸீரோ சிக்ஸ். ஒன் த்ரீ ஃபைவ். மாமா என் கடைக் கவர் அட்டை ஒன்றைத் திருப்பி அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டார். 867 314 052 906 135. "அவரை விட்டுருவீங்கல்ல?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே முருகையன் கையை நீட்டிப் போனை அணைத்தார்.

மாமா செத்த போனிலிருந்து சிம் தட்டை உருவி லென்ஸில் பார்த்தார். அதையும் அட்டையில் கீழே எழுதினார். 867 314 052 096 135.

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. ஒரே ஓர் இடம்தான். இங்கே பூஜ்யம் ஒன்பது, அங்கே ஒன்பது பூஜ்யம்.

மாமாவின் கண் மேலும் கீழும் போனது. "தட்டுல இருக்கற நம்பர், அறுபது. நல்ல நம்பர்" என்றார். "பெட்டி நம்பர்..." கொஞ்ச நேரம் எடுத்தார். மறுபடியும் போட்டார். "இதுவும் அறுபது. இதுவும் நல்ல நம்பர். ஆனா ரெண்டும் ஒரே நம்பர் இல்லை."

"மாமா, அந்தப் பொண்ணு பயந்துபோய் மாத்திப் படிச்சிருக்கும் மாமா" என்றேன். "பாருங்க, மீதி எல்லாம் அச்சு அசலா ஒண்ணாத்தானே கீது. இன்னொரு தபா போன் போடுங்க."

"மாத்திப் படிச்சா அறுபது வராது ரத்னா. அறுபத்தொண்ணோ அம்பத்தேழோ வரும். இடம் மாறினா இந்தக் கணக்கு காட்டிக் குடுத்துடும். அறுபது வந்திருக்கு. அவ படிச்சது உண்மையான நம்பர்தான். வேற ஒரு போனோட பெட்டி."

"எப்படி மாமா ரெண்டும் இவ்ளோ கிட்டக் கிட்ட இருக்கும்?"

"ஒரே மாடல், ஒரே லாட்டுல வந்தா அண்ணன் தம்பி மாதிரிதான் நம்பர் இருக்கும். பெட்டி பெட்டியாப் பார்த்திருக்கேன்."

"ஒரு தபா கேட்டா இன்னா கொறைஞ்சு போய்டும்? ஒரு ஆளோட உசுரு மாமா."

அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அத்தனை பேர் முன்னால் அவர் கணக்கை நான் சந்தேகப்பட்டுவிட்டேன். "நீ கவர் விக்கறவ" என்றார். "உனக்கு என்ன தெரியும் நம்பரைப் பத்தி?"

ஃபிரெட்ரிக் மண்டியிட்டுக் கும்பிட்டான். "சார், இன்னொரு தபா கேளுங்க சார். ப்ளீஸ் சார்."

"தேவையில்லை" என்றார் மாமா. "இந்தப் பெட்டி இந்தப் போனோடது இல்லை."

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் கசக்கிறது. முருகையன் அவன் முடியைப் பிடித்துக் காம்ப்ளெக்ஸ் வாசல் படிக்கு இழுத்துக்கொண்டு போனார். தாடையில் உதைத்தார், "இது எம் பொண்ணு தாடைக்கு" என்று சொல்லிச் சொல்லி உதைத்தார். எலும்பு முறிகிற சத்தம் கடை வரைக்கும் கேட்டது. கூடை பின்னுகிறவன், பெல்ட் விற்கிறவன், யார் பெற்ற பிள்ளைகளோ ஷாப்பிங் வந்தவர்கள், எல்லோரும் ஆளுக்கு ஒரு மிதி மிதித்தார்கள். ஒருவர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டே மிதித்தார். அவன் வலது கையைக் கருங்கல் படியின்மேல் வைத்து இரண்டு பேர் அழுத்திக்கொண்டார்கள். முருகையன் ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியை எடுத்தார்.

நான் என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் முருகையன் முதுகில் போட்டேன். அவர் திரும்பாமலே முழங்கையை வீசினார், என் உதடு இரண்டாகப் பிளந்தது. மறுபடி எழுந்து அவர் கையைக் கடித்தேன். சதை என் பல்லுக்கு வந்தது. என்னைச் சுவரோடு சேர்த்து எறிந்தார்கள். அதற்குள் கம்பி இரண்டு முறை இறங்கிவிட்டது. விரல் எது கல் எது என்று தெரியவில்லை. அப்போதுதான் மாமா ஓடி வந்தார். "போறும் முருகையா, போறும், கையை விட்டுடு, மெக்கானிக்டா அவன்" என்று கம்பியைப் பிடித்துத் தொங்கினார். அவரையும் உதறிவிட்டு மூன்றாவது முறை இறக்கினார்.

போலீஸ் வந்தபோது படியில் ஃபிரெட்ரிக்கும் ஃபிராக் பையும் நானும் மாமாவும்தான் இருந்தோம். அவ்வளவு பெரிய கூட்டம் எந்தச் சந்தில் கரைந்ததோ. முருகையனை அன்றைக்கே தூக்கிவிட்டார்கள், நான் கடித்த காயமே அவருக்கு அடையாளமாக இருந்தது. மாமாவையும் கூட்டிக்கொண்டு போய் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவர் கையால் யாரையும் தொடவில்லை அல்லவா, கணக்குதானே போட்டார்.

தீபாவளி முடிந்து கடை திறந்த மூன்றாம் நாள் ரெனிட்டா வந்தாள். சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கூட அவள் அண்ணன் பவுல்சாமி. கடலுக்குப் போகிறவன். கதவு அகலம் இருந்தான். அவள் ஒரு நீல அட்டைப் பெட்டியை மாமாவின் மேஜையில் வைத்தாள்.

"நீங்கதானே அன்னிக்கு போன் பேசுனது? கணக்குப் போட்டவரு?"

மாமா எழுந்து நின்றார். "நான்தாம்மா."

"அவருக்கு மூணு விரலை எடுத்துட்டாங்க. வாயைக் கம்பி போட்டுக் கட்டிக்கீறாங்க, பேச முடியாது. ஸ்டேஷன்ல போனையும் பெட்டியையும் வெச்சுப் பார்த்தாங்க. ஒரே நம்பர்தான்னு சொல்லிட்டாங்க. அப்போ..." அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நீதான்மா போன்ல தப்பாப் படிச்சிருப்பேன்னு ஒரு ஏட்டு சொல்றாரு. எனக்கு ஞாபகமே இல்லைங்க. எனக்கு அவர் அலர்றதுதான் ஞாபகம் கீது. அவர் பெட்ல படுத்துக்கினு என்னையே பாக்குறாரு. எதுக்குப் பாக்குறாருன்னு தெரியலை. நான் தூங்கி எத்தினி நாள் ஆச்சு தெரியுமா? சொல்லுங்க, நான் தப்பாப் படிச்சேனா?"

மாமா பெட்டியை எடுத்தார். லென்ஸ் இல்லாமலே பார்த்தார். 052 096. டிராயரைத் திறந்து அந்தக் கவர் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். 052 906. அவர் விரல் அந்த இரண்டு இலக்கத்தின்மேல் நின்றது. உதடு அசைந்தது. அத்தனை வருஷத்தில் கணக்குப் போடும்போது அவர் உதடு அசைந்து நான் பார்த்ததில்லை.

"பத்தாவது எடம் இரட்டிக்கணும்" என்றார், யாரிடமும் இல்லாமல். "பூஜ்யத்தை இரட்டிச்சா பூஜ்யம். பக்கத்துல ஒன்பது. மொத்தம் ஒன்பது. மாத்திப் போட்டா, ஒன்பதை இரட்டிச்சா பதினெட்டு. ஒண்ணும் எட்டும் ஒன்பது. பக்கத்துல பூஜ்யம். அதுவும் ஒன்பது." பிளைவுட் பலகையில் சாய்ந்துகொண்டார். "பக்கத்துப் பக்கத்துல வேற எந்த ரெண்டு இலக்கம் இடம் மாறினாலும் தெரியும். ஒன்பதும் பூஜ்யமும் மாறினா மட்டும் தெரியாது. எனக்கு இது தோணவே இல்லையே. இத்தனை வருஷமா தோணலையே."

பகவான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் சொன்ன இடத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு தடவை திரும்பக் கேட்டிருந்தால் போதும். ஒரே தடவை.

"அதெல்லாம் எனக்குப் புரியலைங்க" என்றாள் ரெனிட்டா. "நான் படிச்சது தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். ஸ்பீக்கரில் அவள் குரலைக் கேட்டது நாங்கள் இரண்டு பேர்தான். நைன் ஸீரோ சிக்ஸ். எனக்கு இப்போதும் அந்த மூச்சு வாங்கல் காதில் இருக்கிறது. பவுல்சாமி மேஜையின் இந்தப் பக்கம் வந்து நின்றான். அவன் கண் எங்கே போகிறது என்று நான் பார்த்தேன். முருகையனின் கம்பியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனதால் புதிதாக ஒன்று வாங்கிச் சுவரில் சாத்தியிருந்தார்கள்.

"இல்லைம்மா" என்றார் மாமா. "நீ சரியாத்தான் படிச்சே. ஸீரோ நைன் சிக்ஸ்னுதான் படிச்சே. நான்தான் எழுதறச்சே மாத்தி எழுதிட்டேன். பாரு, இது என் கையெழுத்து." அட்டையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் அந்த அட்டையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பவுல்சாமிக்கு வந்தது. "தேவடியாப் பையா" என்று மாமாவின் சட்டையைப் பிடித்து மேஜைக்கு மேலே இழுத்தான். கம்பி எப்போது அவன் கைக்கு வந்தது என்று தெரியாது. மாமாவின் வலது கையை மேஜைமேல் வைத்து அழுத்தினான். "எந்தக் கையிலடா எழுதுன? இந்தக் கைதானே?"

"ஆமாம்" என்றார் மாமா. கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

நான் பலகையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. மேஜைக் கண்ணாடியும் கையும் ஒன்றாக உடைந்தன. நான் பவுல்சாமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தேன். என்னையும் சேர்த்துச் சுமந்துகொண்டே இரண்டாவதை இறக்கினான். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. மாமா அலறினார். காதைக் கிழித்தபோதுகூட அலறாத மனுஷர். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்துடா, மாத்திப் படிச்சது உன் தங்கச்சிதான்டா, நான் என் காதால கேட்டேன்டா என்று. அப்போது ரெனிட்டாவைப் பார்த்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அது துக்கத்தில் வருகிற அழுகை இல்லை. "நான் இல்லை" என்றாள். "அண்ணா, நான் இல்லைண்ணா. நான் சரியாத்தான் படிச்சேண்ணா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு, "போதும், விடுண்ணா, வீட்டுக்குப் போலாம். அவர்கிட்ட சொல்லணும்" என்றாள். பவுல்சாமி கம்பியைக் கீழே போட்டான். என் வாயில் வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்.

மாமாவை ஆட்டோவில் ஏற்றினேன். என் துப்பட்டாவைக் கிழித்து மணிக்கட்டைக் கட்டியிருந்தேன், பனகல் பார்க் தாண்டுவதற்குள் அது ஊறிவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, இன்னா ஆச்சு என்று கேட்டார். "ஷட்டர் விழுந்துடுத்துப்பா" என்றார் மாமா. ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொல்லப்போகிறார் என்று புரிந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"மாமா" என்றேன், மெதுவாக, ஆட்டோக்காரர் காதில் விழாமல். "ஸ்பீக்கர்ல நானும்தானே கேட்டேன். அவ நைன் ஸீரோன்னுதானே படிச்சா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கவர் விக்கறவ" என்றார். "உனக்கு என்ன தெரியும் நம்பரைப் பத்தி?"